ஊர்ப் பொதுவில் பதினெட்டுக் குழிகள்

ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் கோல்ஃப் கிடையாது. கோல்ஃப் ஆடுகிற யாரைக் கேட்டாலும், வாழ்நாளில் ஒரு தடவையாவது அங்கே ஆடிவிட வேண்டும் என்பார்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரை ஒட்டிக் கடலோரமாக நீண்டு கிடக்கிற மைதானம் அது. வாரத்தில் ஆறு நாள் அதில் இடம் கிடைக்க ஆட்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏழாவது நாள் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் நடுவே நடக்கிறார்கள். 18-வது கிரீனுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் குழந்தைகள் உருண்டு புரள்கிறார்கள். யாராவது ஒரு பாட்டி ஃப்ளாஸ்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருப்பார். பெரிய போட்டிகள் நடக்கிற ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளே ஞாயிறுதான்.

நான் டே ஆற்றுக்கு இந்தப் பக்கம், டண்டீயில் இருக்கிறேன். பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ். நான் வளர்ந்த ஊரில் கோல்ஃப் மைதானம் என்றால் உயரமான மதில், வாசலில் காவலாளி, உறுப்பினர் அட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. இங்கே வந்து, நகராட்சி மைதானத்தில் இரவல் மட்டையோடு கற்றுக்கொண்ட பிறகுதான் இந்த ஆட்டம் பிடித்தது. அதைவிட, இது ஆடப்படுகிற நிலம் பிடித்தது. ஓல்ட் கோர்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “இயற்கையே வடிவமைத்தது” என்று எழுதுவார்கள். பாதி சரி. மணலும் காற்றும் போட்ட மேடுபள்ளம்தான் அடிப்படை. ஆனால் அதன் அகலம், இரட்டை கிரீன்கள், குறுக்கே போகிற தெரு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று அதை ஓல்ட் கோர்ஸ் ஆக்குகிற விஷயங்களைப் பார்த்தால், இந்த நிலம் பல நூறு வருஷமாக எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் வந்தவை அவை. இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்கு நாலு வார்த்தை. முதல் அடி அடிக்கிற இடம் டீ. அங்கிருந்து புல்லை ஒட்ட வெட்டிய பாதை ஃபேர்வே. குழியும் கொடியும் இருக்கிற, இன்னும் ஒட்ட வெட்டிய இடம் கிரீன். நடுநடுவே மணல் போட்ட பள்ளங்கள் பங்கர். டீயிலிருந்து குழிவரை இந்த மொத்தமும் சேர்ந்தது ஒரு ஹோல். ஒரு ஹோலை நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பது பார். அவ்வளவு போதும்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில், உழவுக்கு ஆகாமல், மணலும் புல்லுமாகக் கிடக்கிற கரைநிலத்தை ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்பார்கள். நம் ஊர் மந்தைவெளி மாதிரி. ஆடுமாடு மேயும், துணி காயும், பையன்கள் விளையாடுவார்கள், யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் இந்த நிலத்தின் வடபகுதியில் முயல் வளர்த்துக்கொள்ள ஊரிடம் அனுமதி வாங்கினார். அப்போது எழுதிய சாசனத்தில், லிங்க்ஸில் கோல்ஃப் ஆடவும், பந்து உதைக்கவும், வில் பழகவும், ஆடுமாடு மேய்க்கவும் ஊர்மக்களுக்கு இருந்த உரிமை உறுதிசெய்யப்பட்டது. அதற்குச் சுமார் 100 வருஷம் முன்னால், 1457-இல், வில்பயிற்சி கெடுகிறது என்று கோல்ஃபையும் கால்பந்தையும் ஸ்காட்லாந்து அரசு தடைசெய்திருந்தது. அந்த ஆட்டம் அடுத்த நூற்றாண்டில் மேய்ச்சலோடு சேர்ந்து ஓர் உரிமையாக எழுதிவைக்கப்பட்டது.

எழுதிவைத்ததால் நிலைத்துவிடவில்லை. 1797-இல் ஊர் நிர்வாகம் கடனில் மூழ்கி, லிங்க்ஸை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டது. அது முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. முயல்கள் வளை தோண்டி, ஆடுகிற தரையெல்லாம் ஓட்டையாகிப் போயிற்று. ஊர்க்காரர்கள் முயலைப் பிடித்துக் கொன்றார்கள், கைகலப்பு வந்தது, வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. சுமார் 20 வருஷம் இழுத்த சண்டை அது. 1821-இல் பக்கத்து ஸ்ட்ராத்டைரம் பண்ணையின் உரிமையாளர் ஜேம்ஸ் சீப், தானும் ஒரு கோல்ஃப் பிரியர் என்பதால், நிலத்தை வாங்கி முயல்களிடமிருந்து மீட்டார். 2-வது, 17-வது ஹோல்கள் பக்கம் இருக்கிற ஒரு பங்கர் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துணி காயப்போட்டதைச் சொன்னேன் இல்லையா? முதல் ஹோலின் கிரீனை ஒட்டி ஸ்வில்கன் என்றொரு ஓடை ஓடுகிறது. ஊர்ப் பெண்கள் அதில் துவைத்து, கரைப் புல்லிலேயே விரித்துக் காயவைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு விதிகளில் இதற்கென்றே ஒன்று இருக்கிறது: பந்து துணிமேல் விழுந்தால் துணியைப் பந்துக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம், சலவைத் தொட்டி பக்கத்தில் இருந்தால் தொட்டியை நகர்த்தலாம். ஆட வந்தவர்கள் துவைக்கிறவர்களைத் துரத்தவில்லை. அவர்களோடு ஒத்துப்போகிற மாதிரி விதியை எழுதிக்கொண்டார்கள். இந்த மைதானத்தைப் பற்றிய நூறு தகவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, வடிவத்துக்கு வருவோம். ஊரிலிருந்து கிளம்பி, ஈடன் ஆற்றின் கழிமுகம் வரை ஒரே கீற்றாகப் போய், அங்கே ஒரு வளைவு போட்டு, போன வழியிலேயே திரும்பி வருகிற மைதானம் இது. மேலிருந்து பார்த்தால் ஆயன் கையில் இருக்கிற வளைகோல் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கார்ஸ் என்கிற முட்புதர் அடைத்திருந்ததால், ஆரம்பத்தில் இந்தக் கீற்று மிகவும் ஒடுங்கியிருந்தது. போகும்போது 11 குழி, வரும்போதும் அதே குழிகளில் 11. ஆக 22. 1764-இல் முதல் நான்கு குழிகளை இரண்டாகச் சேர்த்தார்கள். போகையில் இரண்டு, வருகையில் இரண்டு குறைந்து 18 ஆனது. இன்றைக்கு உலகத்தில் மைதானம் கட்டினால் பெரும்பாலும் 18 குழி வெட்டுகிறார்கள் என்றால், அது இந்த ஊரில் அந்த வருஷம் போட்ட கணக்கு.

கூட்டம் கூடியபோதுதான் சிக்கல். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்கிற மரப்பாலில் செய்த பந்து வந்தது. அதற்கு முன் தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்து. விலை அதிகம், மழையில் நனைந்தால் பிய்ந்துவிடும். மலிவான பந்து வந்ததும் சாதாரண ஆட்களும் ஆட வந்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழிக்கு எதிரெதிராக வந்து நின்றால் எப்படி ஆடுவது? ஒதுக்கிவைக்க முடியாது, எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. அதனால் புதரை வெட்டிப் பாதையை அகலமாக்கினார்கள். கிரீன்களைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வெட்டினார்கள். போகிறவர்களுக்கு வெள்ளைக் கொடி, வருகிறவர்களுக்குச் சிவப்பு. இன்றைக்கும் 18 ஹோலில் 14 ஹோல்கள் ஏழு இரட்டை கிரீன்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 1, 9, 17, 18 மட்டும்தான் தனிக்குடித்தனம். சேர்ந்திருக்கிற ஜோடிகளைக் கூட்டிப் பாருங்கள்: 2-உம் 16-உம், 3-உம் 15-உம், 4-உம் 14-உம், இப்படி எல்லாமே 18 வரும்.

இதனால் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கிரீன்கள் அவ்வளவு பெரியவை. 5-வதும் 13-வதும் பகிர்ந்துகொள்கிற கிரீன் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் இருக்கும். கிரீனில் பந்து நிற்பது பெரிய காரியமே இல்லை. நின்ற இடத்திலிருந்து குழிவரை, நடுவில் ஒரு மேடு ஏறி ஒரு பள்ளம் இறங்கி, 30, 40 கஜம் உருட்ட வேண்டிவந்தால்தான் தெரியும். அகலம் என்றால் சுலபம் என்று தோன்றும். ஆனால் இங்கே அகலம் ஒவ்வொரு அடியிலும் “எந்தப் பக்கம்?” என்று கேட்கிறது. போகும்போதும் வரும்போதும் பெரும்பாலும் வலது பக்கம்தான் ஆபத்து: புதர், வேலி, எல்லைக்கோடு. இடது பக்கம் தாராளமாகக் கிடக்கிறது, பந்தை அங்கே அடித்துவிட்டு நிம்மதியாக நடக்கலாம். அடுத்த அடியில் பார்த்தால் கொடிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பங்கர் உட்கார்ந்திருக்கும். புதரை உரசுகிற மாதிரி வலது பக்கம் துணிந்து அடித்தவருக்குக் கொடிவரை வழி திறந்திருக்கும். ஆபத்துக்குக் கூலி, பாதுகாப்புக்கு வாடகை. இப்படி யோசிக்கவைப்பதைத்தான் நான் வடிவமைப்பு என்பேன். இரண்டு பக்கமும் மரம் நட்டு, நடுவில் நேராக ஒரு சந்து விட்டு, தவறினால் காட்டுக்குள் தேடு என்கிற மைதானங்களில் ஆடும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

பங்கர்களைப் பற்றி நின்று பேச வேண்டும். மொத்தம் 112. யாரும் வரைபடம் போட்டு வெட்டியதாகத் தெரியவில்லை. கடல்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் தோண்டிய குழிகள் சில. முயல் வளை இடிந்து விழுந்தவை சில. பந்துகள் உருண்டு சேர்கிற பள்ளங்களில் எல்லாரும் வெட்டி வெட்டிப் புல் போய் மணல் தெரிந்தவை சில. அப்படித்தான் இந்தப் பக்கம் சொல்லுவார்கள். பெயர்களும் அப்படியே பேச்சில் வந்தவை: நரகம், சவப்பெட்டிகள், சிங்கத்தின் வாய், பிரின்சிபாலின் மூக்கு.

ஒரு குளிர்காலக் காலையில், ஒரு பங்கரின் சுவரைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பங்கருக்குள் இரண்டு பேர். மேலே டிராக்டர் பெட்டியில் செங்கல் செங்கலாக வெட்டிய புல்கட்டிகள். மண்ணை மட்டம் தட்டி, புல்கட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் அரை அங்குலம் உள்தள்ளி அடுத்தது, அதன்மேல் அடுத்தது. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் மண் கொட்டிக் காலால் மிதித்து இறுக்கினார்கள். ஓரத்து வேர்களைக் கத்தியால் சீவினார் ஒருவர். எட்டுப் பத்து வரிசை ஏறியதும் சுவர் என் நெஞ்சு உயரம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட செங்குத்து. இந்தச் சுவர் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, சில வருஷத்தில் உதிர்ந்துவிடும்; திரும்பக் கட்ட வேண்டும். டிவியில் பார்க்கும்போது அந்தக் கோடுகள் அழகுக்குப் போட்டவை மாதிரி தெரியும். பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு கோடும் ஒரு புல்கட்டி, ஒரு மிதி.

14-வது ஹோலில் இருக்கிற நரகம் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஆழம். இங்கேயே இரண்டு தடவை ஓப்பன் ஜெயித்த ஜாக் நிக்லாஸ், 1995-இல் அதற்குள் மாட்டி, அந்த ஒரு ஹோலுக்கு 10 அடி எடுத்தார். இன்னொரு பக்கம், 2000-இல் டைகர் உட்ஸ் நாலு நாளும் 72 ஹோலும் ஆடி, 112-இல் ஒன்றில்கூட விழாமல் ஜெயித்தார். எல்லாரும் அவர் பலத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அது எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருந்த ஒருவரின் ஆட்டமாகத்தான் படுகிறது.

புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிற ஒன்று, பல பங்கர்கள் டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. 12-வது ஹோலின் டீயில் நின்று பாருங்கள். முன்னால் விரிந்த புல்வெளி, ஒரு தடையும் இல்லை என்று தோன்றும். நேராக நல்ல அடி அடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிற பங்கருக்குள் பந்து கிடக்கும். இது அநியாயம் என்று கோபப்பட்டவர்கள் நிறைய. காரணம் ரொம்ப எளிது. இந்த மைதானத்தை முன்பு எதிர்த்திசையில் ஆடினார்கள். முதல் டீயிலிருந்து 17-வது கிரீனுக்கு, 18-வது டீயிலிருந்து 16-வது கிரீனுக்கு, இப்படியே. ஒரே திசையில் எப்போதும் ஆடினால் ஒரே இடத்தில் புல் தேயும் என்பதால், இரண்டு திசையையும் மாற்றி மாற்றி ஆடிய காலமும் உண்டு. இன்று நாம் பின்பக்கத்திலிருந்து நெருங்குகிற பங்கர்கள் அன்றைக்கு முகம் காட்டி நின்றவை. திசையை மாற்றினார்கள், பங்கரை மாற்றவில்லை.

இந்த நிலத்தைப் பேணியவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. டாம் மாரிஸ், 1821-இல் இதே ஊரில் பிறந்தவர். 1860-களின் நடுவிலிருந்து 1903 வரை மைதானக் காப்பாளராக இருந்தார். வேலையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்தது ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு சவள். புல்மேல் மணல் தூவினால் புல் அடர்ந்து வளரும் என்று கண்டுகொண்டு, “இன்னும் மணல்” என்பதையே மந்திரமாக வைத்திருந்தார். முதல் ஹோலுக்குத் தனி கிரீன் அமைந்தது அவர் காலத்தில்தான். அதற்கப்புறம்தான் இன்றைய திசையில் சுற்றுவது வசதியாயிற்று. 18-வது கிரீனை அமைத்தவரும் அவர். அந்த ஹோலுக்கு அவர் பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை மூடுவதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் நிலத்துக்கு வேண்டும் என்று சொன்னதாகச் சொல்வார்கள். சனிக்கிழமை மாலை பள்ளமும் வெட்டுமாகக் கிடக்கிற தரை, திங்கள் காலை எப்படித் தேறியிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சின் நியாயம் புரியும்.

17-வது ஹோலைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். பெயர் ரோடு ஹோல். சுமார் 495 கஜம், பார் 4. டீயில் நின்றால் எதிரே ஃபேர்வே தெரியாது. ஒரு கொட்டகை தெரியும். ரயில் ஓடிய காலத்தில் அங்கே ரயில்வேயின் கரிய கொட்டகைகள் இருந்தன. ரயில் 1969-இல் நின்றது. இப்போது அங்கே ஓட்டல் நிற்கிறது, பழைய கொட்டகையின் உருவத்திலேயே ஒன்றை அதன் ஓரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். பந்தை அதன் கூரைக்கு மேலாக அடிக்க வேண்டும். வலது பக்கம் கொஞ்சம் தவறினால் ஓட்டல் தோட்டம், எல்லைக்கு வெளியே. பயந்து இடது பக்கம் அடித்தால் இருக்கவே இருக்கிறது ரோடு பங்கர். கிரீனின் முன்வயிற்றில் குடைந்த மாதிரி, சின்னதாக, ஆழமாக. சுற்றியிருக்கிற தரை முழுக்க அதை நோக்கிச் சாய்கிறது, பக்கத்தில் போகிற பந்தையும் இழுத்துக்கொள்ளும். கிரீன் குறுக்குவாட்டில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைத் தாண்டினால் ஒரு தார்ச்சாலை, அப்புறம் ஒரு கல்சுவர். சாலையில் விழுந்த பந்தைச் சாலையிலிருந்தேதான் அடிக்க வேண்டும்.

1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனிலேயே நின்றார். பட்டர் என்கிற உருட்டு மட்டையால் மெல்ல உருட்டிய பந்து சரிவில் திரும்பி பங்கருக்குள் போய்விட்டது. வெளியே எடுக்க நாலு அடி, ஹோலுக்கு 9. அந்தப் பங்கரை இன்றும் அவர் பெயரால் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. நல்ல ஆட்டக்காரர், தவறு என்று சொல்ல முடியாத ஒரு தொடுகை. 2022-இல் கடைசி நாள் கேமரன் ஸ்மித் அதே இடத்தில் மாட்டினார். அவருக்கும் கொடிக்கும் நடுவில் நேராக ரோடு பங்கர். மேலே தூக்கி அடிக்காமல், பட்டரை எடுத்து, பங்கரின் ஓரமாகச் சரிவில் ஏற்றி, சுற்றி வளைத்து கிரீனுக்குக் கொண்டுவந்தார். அடுத்ததைப் போட்டு பார் எடுத்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை. அந்த உருட்டலை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. தரையை நம்பி ஆடிய ஆட்டம் அது, இந்த மைதானம் கேட்பதும் அதைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள நாள் பிடிக்கும் என்பதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸே சாட்சி. 1921-இல் 19 வயதில் முதன்முதலாக வந்தவர், 11-வது ஹோலின் பங்கரில் திணறி, மூன்றாவது சுற்றோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். 1927-இல் திரும்பி வந்து ஓப்பனையும், 1930-இல் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பையும் இங்கேயே ஜெயித்தார். 1958-இல் ஊர் அவருக்குத் தன் கௌரவக் குடியுரிமையைக் கொடுத்தது. அதற்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டுமே. 1920-களில் ஓல்ட் கோர்ஸை அளந்து, ஒவ்வொரு பங்கரையும் குறித்து வரைபடம் போட்ட அலிஸ்டர் மெக்கன்சியும் ஜோன்ஸும் சேர்ந்துதான் பிறகு அமெரிக்காவில் அகஸ்டா நேஷனலை அமைத்தார்கள். அகலமான ஃபேர்வே, கொஞ்சமே பங்கர், அலையடிக்கிற கிரீன் என்று இங்கே கற்றதை அங்கே கொண்டுபோனார்கள். ஆனால் அகஸ்டா ஒரு தனியார் கிளப். உறுப்பினர் கூப்பிட்டால்தான் உள்ளே ஆடலாம். நிலத்தின் வளைவுகளைக் கடல்தாண்டிக் கொண்டுபோக முடிந்தது. அந்த நாயும் ஃப்ளாஸ்க்கும் போகவில்லை.

பலர் நினைக்கிற மாதிரி, முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கிற ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்) கோல்ஃப் கிளப்புக்கு ஓல்ட் கோர்ஸ் சொந்தமில்லை. 1754-இல் தொடங்கிய அந்தக் கிளப் 1893-இல் சீப் குடும்பத்திடமிருந்து நிலத்தை வாங்கப் பார்த்தது உண்மை. ஊர் விடவில்லை. 1894-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிலம் ஊருக்கு வந்தது. நெரிசலைக் குறைக்கப் பக்கத்தில் இன்னொரு மைதானம் போட்டுத் தருவது கிளப்பின் பொறுப்பானது. 1895-இல் திறந்த அதற்கு இன்றைக்கும் நியூ கோர்ஸ் என்றுதான் பெயர். பிறகு உள்ளாட்சி அமைப்புகளை மாற்றியமைத்து ஊரின் நகரசபையே இல்லாமல் போகும் நிலை வந்தபோது, 1974-இல் இன்னொரு சட்டம் போட்டு, லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற பொது அறக்கட்டளையிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். இன்று ஏழு மைதானங்கள் அதன் கையில். கிளப் 2014 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. மைதானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனென்றால் அது கிளப்புடையது இல்லை.

பெண்கள் கதை இங்கே இன்னும் பழையது. முதல் கிரீனுக்குப் பக்கத்தில் இமாலயாஸ் என்றொரு இடம் இருக்கிறது. 1867-இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் லேடீஸ் பட்டிங் கிளப்பின் மைதானம் அது. தோளுக்கு மேல் கை தூக்கி மட்டை வீசுவது பெண்ணுக்கு அழகில்லை என்று அந்தக் காலம் நினைத்ததால், அவர்களுக்குக் கிடைத்தது உருட்டி மட்டும் ஆடுகிற ஒரு துண்டு நிலம். கரடுமுரடான மணல்மேட்டுப் பகுதி. இன்று அதில் சில பவுண்டு கொடுத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம். மகளை நான் முதலில் கூட்டிப்போனது அங்கேதான். மேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவள் உருட்டிய பந்து ஏறி, உச்சியில் தயங்கி, திரும்பி அவள் ஷூவுக்கே வந்து நின்றது. நான் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லாமல், அடுத்த தடவை மேட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வளைத்து அனுப்பினாள். ஓல்ட் கோர்ஸின் பாடம் முழுக்க அந்தத் துண்டு நிலத்தில் இருக்கிறது. 2007-இல் பெண்களின் ஓப்பன் முதன்முதலாக ஓல்ட் கோர்ஸில் நடந்தது, லொரேனா ஒச்சோவா ஜெயித்தார். 2024-இல் லிடியா கோ. அவர்கள் ஆடிய இடத்துக்கும் இமாலயாஸுக்கும் நடுவில் ஓர் ஓடை தூரம்தான்.

பொது என்று சொல்கிறோமே, உண்மையிலேயே பொதுவா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க விரும்பவில்லை. 1946 வரை ஊர்க்காரர்களுக்குக் கட்டணமே கிடையாது. இன்று ஊர்க்காரர் ஒரு வருஷம் முழுக்க ஆட வாங்குகிற டிக்கெட், வெளியூர்க்காரர் சில ஆட்டத்துக்குக் கொடுக்கிற காசு அளவில் வந்துவிடும். வெளியூர்க்காரருக்கு, கோடையில் ஓர் ஆட்டம் 300 பவுண்டுக்கு மேல். பணம் படைத்த பயணிகள் நிறுவனங்கள் வழியாக, தங்கும் விடுதியோடு சேர்த்து இன்னும் அதிகம் கொடுத்து வருகிறார்கள். பக்கத்து ஊரில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் குலுக்கல்தான் வழி. இரண்டு நாளைக்கு முன்னால் பெயர் கொடுத்தால், மாலையில் பட்டியல் வரும். அதில் கோடீஸ்வரர் பெயரும் பேருந்து ஓட்டுநர் பெயரும் ஒன்றுதான், அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் பெயர் வந்தாலும் அந்தத் தொகையை எடுத்துவைக்க எத்தனை பேரால் முடியும்? வருகிற பணம் ஏழு மைதானங்களின் பராமரிப்புக்குத்தான் போகிறது என்பது சரிதான். இருந்தாலும் கட்டணத்தைக் குறைத்துக் குளிர்கால நாட்களில் சிலவற்றையாவது சுற்றுவட்டாரத்துக்கு ஒதுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் புல்லைக் காக்க, ஆளுக்கொரு சின்னப் பாயைக் கையில் கொடுத்து, ஃபேர்வேயில் அதன்மேல் வைத்துத்தான் பந்தை அடிக்கச் சொல்கிறார்கள். பாயோடு ஆட நான் தயார்.

அப்படியும் இந்த ஊருக்கு இன்னும் உரிமையுணர்வு மங்கவில்லை. 2023 பிப்ரவரியில், 18-வது ஹோலில் ஓடைமேல் இருக்கிற ஸ்வில்கன் பாலத்தின் வாயிலில், கால் மிதித்துப் புல் போகிறது என்று வட்டமாகக் கல் பதித்தார்கள். பாலம் சுமார் 700 வருஷப் பழமை என்பார்கள், மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிப்போகக் கட்டியது. புதுக்கல்லைப் பார்த்ததும் உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. சில நாளிலேயே பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி புல் போட்டார்கள். சின்ன விஷயம்தான். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது, 200 வருஷத்துக்கு முன் முயலோடு சண்டைபோட்ட ஊர் என்று நினைவு வந்தது.

கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்ற தெருவையும் சொல்ல வேண்டும். முதல் ஹோலுக்கும் 18-வது ஹோலுக்கும் குறுக்கே, ஃபேர்வேயை வெட்டிக்கொண்டு, ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற பொதுச்சாலை. இந்த இரண்டு ஹோலிலும் ஒரு பங்கர்கூட இல்லை. சேர்த்துப் பார்த்தால் உலகத்திலேயே அகலமான ஃபேர்வே இதுவாக இருக்கும் என்று தோன்றும். அதன் நடுவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தாத்தா வருவார். டீயில் நிற்கிற ஆள், இதற்காக வருஷக்கணக்காகக் காசு சேர்த்து, பத்தாயிரம் மைல் பறந்து வந்தவராக இருக்கலாம். மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவர் கடந்து முடிக்கும்வரை நின்றாக வேண்டும். தாத்தா வேகத்தைக் கூட்டமாட்டார். யாரும் கூட்டச் சொல்லவும் மாட்டார்கள்.

நீங்கள் ஸ்காட்லாந்துப் பக்கம் வருவதாக இருந்தால், கோல்ஃபே தெரியாவிட்டாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். லூக்கர்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். கிரீன்மேலும் பங்கருக்குள்ளும் மட்டும் கால்வைக்காதீர்கள். 18-வதிலிருந்து தொடங்கி, 17, 16 என்று ஆட்டத்துக்கு எதிராக, ஈடன் கழிமுகம் வரை நடங்கள். 12-வது ஹோலை அதன் கிரீனிலிருந்து டீயை நோக்கிக் கடக்கும்போது, டீயில் நிற்கிறவர்களுக்குத் தெரியாத பங்கர்கள் எல்லாம் உங்களுக்கு வரிசையாகத் தெரியும். சில வருஷங்களில், ஏப்ரல் முதல் வாக்கில், மைதானத்தைப் பழைய எதிர்த்திசையிலேயே ஆடத் திறந்துவிடுவதும் உண்டு. அடுத்து அப்படி அறிவித்தால் அந்தக் குலுக்கலுக்கு என் பெயரைக் கொடுக்கப்போகிறேன். மகளுக்கும் வயது வந்துவிடும் என்று நினைக்கிறேன்.